இதில் சேராதவை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை வேலையைப் பிடித்திருக்கிறாயாம், அண்ணன் பெயர் போட்ட எஸ்டிமேட் புத்தகத்தை அனுப்பச் சொல்கிறாய். அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறதாம். இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தினாய் என்பதையும் கேட்டுக்கொள்.

அந்த மாடி வீட்டு எஸ்டிமேட்டை எழுதியது நீ. உன் அண்ணன் அளவு சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக எழுது என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, "மாடி ஒழுகல் வேலை, முழுவதும்" என ஒரே வரியில் முடித்தாய். அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

தளம் முழுக்கப் பூசி முடித்த பிறகு வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டினாராம். "முழுவதும்னு எழுதியிருக்கே. தண்ணித் தொட்டி மட்டும் என்ன, பக்கத்து வீட்டுதா?"

இவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். போக வேண்டாம் என்றேன். "எழுத்து நம்ம எழுத்து. செஞ்சுதான் ஆகணும்" என்றார். தொட்டி இருக்கும் உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். அந்த ஒரு வரியில் சாரக் கூலிக்கு ஏது இடம்? ஏணியைச் சாய்த்து ஏறினார். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, விதி அண்ணி என்றாய். மூன்று மாதமாக அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. விதிக்கு இவ்வளவு கோணல் எழுத்தா தம்பி? நான் ஐந்தாவது படித்தவள்தான். ஆனால் உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்பது தாள். ஒவ்வொன்றின் அடியிலும் "சாரம்" என்று ஒரு வரி, "இதில் சேராதவை" என்று ஒரு வரி, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒன்பது நாள் ஆனது. விரல் வீங்கிவிட்டது. அந்த இரண்டு இடத்தையும் நிரப்பாமல் ஒரு தாளைக்கூட யாரிடமும் கொடுக்காதே. செய்யாத வேலையையும் எழுது. பஸ் போனால் போகட்டும்.

பள்ளிக்கூடத்துக் கூரை உயரமா? உன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அவளுக்கு என்னைப் போல எழுத வராது. இப்படி ஒரு கடிதம் எழுதும்படி வைத்துவிடாதே.

நன்றாக இரு.

உன் அண்ணி