ஒரே அடுப்பில் இரண்டு சிப் கம்பெனி

ஆவணி, திங்கள்
வெயில். மேகமெல்லாம் அய்யனார் கோவில் மலையோடு சரி. ராஜபாளையத்துக்குப் புழுக்கம் மட்டும்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் விசேஷ வீட்டில், என் மனைவி பாக்கியத்தின் தம்பி செல்லத்துரை பந்தியில் வைத்து: "அத்தான் பங்கு வாங்குன கம்ப்யூட்டர் சிப் கம்பெனி பல்லுப்போன கெழட்டு நாய். திங்கும், குலைக்காது. என் கம்பெனிய பாருங்க, பாய்ச்சல்!"

நான்: "பட்டாளத்துல லாரி ஓட்டுனவன்லாம் எனக்குப் பங்கு சொல்லித் தாரான்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். பாயசம் கூடக் குடிக்கவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். எரிச்சல் அடங்கவில்லை.

செவ்வாய்
காலையிலிருந்து அடுப்படியில் பாக்கியத்தின் பாத்திரங்கள் பேசின.

பிறகு வாய் திறந்தாள். "வெள்ளிக்கிழமை நிச்சயம். தாய்மாமன் மாலை போடாம எம்மக மணையில உக்கார மாட்டா. தாம்பாளத்தோட போயி நீங்களே கூப்பிடுங்க."

அவன் காலில் நானா? நாய் என்றானே!

உண்மையில், நான் அந்தப் பங்கை வாங்கிய லட்சணம் இது: என் முதல் கம்ப்யூட்டரில் இருந்தது அந்த சிப். அவ்வளவுதான் ஆராய்ச்சி. எங்கள் வீட்டுக்கு ஒரே பால்கோவாக் கடை. எதிர்க்கடைப் பொட்டலம் வாசல் தாண்டாது. அதே புத்தி.

புதன்
அவன் கம்பெனியின் குறையைத் தேடி மானத்தை வாங்கலாம் என்று காலையிலிருந்து செல்போனும் கையுமாக. கிடைத்தது வேறு. இரண்டு கம்பெனியும் சிப்பை வரைந்து மட்டும் கொடுக்கிறார்களாம். செய்வது எங்கோ தீவில் ஒரே ஆலை. இவன் சிப்பும் அங்கே, என் சிப்பும் அங்கே.

ஒரே அடுப்பில் வெந்ததற்கா பந்தியில் அடித்துக்கொண்டோம்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மின்விசிறியைத் திட்டினேன்.

வாங்க வேண்டியது: வெற்றிலை, பூ, பழம். பால்கோவா (எந்தக் கடை? அவனுக்கு எதிர்க்கடைதான் பிடிக்கும். சனியன்.)

வியாழன்
நேற்று சாயங்காலம் அமெரிக்கச் சந்தை திறந்ததும் இரண்டு பங்கும் சேர்ந்தே விழுந்தன. இருவரிடமும் வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கையாளர் இனிச் சொந்தமாக சிப் வரையப் போகிறாராம். செய்யக் கொடுப்பது? அதே ஆலையில்!

தாம்பாளத்தோடு போனேன். எதிர்க்கடைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க அத்தான்" என்றான். முகம் கறுத்திருந்தது.

"எம்புட்டு போச்சு மாப்ளே?"

"உங்களுக்குப் போனதுதான். மாலையோட வாரேன். ஆனா கெழட்டு நாய்னு சொன்னத வாபஸ் வாங்க மாட்டேன்."

"நானும் லாரிய வாபஸ் வாங்க மாட்டேன்."

வெள்ளி
மாலை போட்டான். மகள் மணையில். பாக்கியம் அழுதாள், சிரித்தாள்.

பந்தியில் சம்பந்தி பக்கத்தில் நாங்கள் இருவரும். சம்பந்தி ஓய்வு பெற்ற போலீஸ்காரர். வாயே திறக்காத மனிதர். எங்கள் சிப் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னார்: "நான் அந்த ஆலைப் பங்கத்தான் வாங்கி வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. எனக்கு அதுதான் வரும்படி."

இலையே கசந்தது. செல்லத்துரை என் காதோரம் குனிந்தான்: "அத்தான், இந்தச் சம்பந்தம் அவசியமா?"

முதன்முறையாக அவன் சொன்னது சரியென்று பட்டது. அதற்குள் தட்டு மாற்றிவிட்டார்கள்.