மதிலில் குறையும் கல்

வெள்ளிக்கிழமை, படுக்கப்போகுமுன்

பக்கத்து வளவு நேசம் மாமியின் முகத்தில் இனி முழிக்கவே விருப்பமில்லை.

நெடுந்தீவில் எங்கள் வளவுக்கும் மாமியின் வளவுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஏறினால்தான் போனுக்கு சிக்னல் வரும். ஒரு வீடியோவையாவது நடுவில் நிற்காமல் பார்க்கவேண்டும் என்று இன்று பின்னேரம் ஏறினேன். சீமெந்து இல்லாமல், கடலில் எடுத்த பவளக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். என்னோடு சேர்ந்து சரிந்துவிட்டது. முழங்கால் உரிந்தது. அந்த இடைவெளியால் மாமியின் மாடு எங்கள் வளவுக்குள் வந்து, கொடியில் காய்ந்த என் புதுச் சட்டையின் ஒரு கையைத் தின்றது.

மாமி ஓடிவந்து மாட்டைத் தடவிப் பார்த்தார். என் முழங்காலைப் பார்க்கவில்லை.

"மதிலில ஏறி நிண்டு ஆரோடையடி கதைச்சனி?"

"ஒருத்தரோடையும் இல்லை மாமி. வீடியோ பாத்தனான்."

"ஓம், ஓம். வீடியோ," என்று ஊருக்கே கேட்கச் சிரித்தார்.

அம்மாவும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பேசாமல் போய் அடுக்கு," என்றார்.

இருட்டும்வரை தனியே அடுக்கினேன். மாமி கதிரை போட்டு இருந்து காவல் பார்த்தார். விழுந்ததில் ஒரு கல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், யாரோ ஊசியால் தைத்ததுபோல நெருக்கமாக. இவ்வளவு அழகு இவ்வளவு காலமும் அந்த மனிசியின் எல்லையில் கிடந்திருக்கிறது.

ஒரு பாதியைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துவிட்டேன். நாளைக்கு மாமி மதிலில் ஓட்டையைக் கண்டு, கல் எங்கே என்று கட்டாயம் கேட்பார்.

உங்கள் மாடு தின்றிருக்கும் என்று சொல்லப்போகிறேன்.