சச்சிதானந்தன் ஐயா சொன்னது

உத்ரெக்ட், நெதர்லாந்து
14.09.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் சுகந்தானே? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று அப்பா சிரிப்பார். இது படிப்புக்காக அம்மா. சுகாதார விஞ்ஞானத்தோடு, நல்ல புள்ளி எடுக்கும் மாணவர்களுக்கென்று ஒரு பொதுக் கல்விப் பாடமும் எனக்குக் கிடைத்திருக்கிறது. வகுப்பில் இருபது பேர்தான். நோயாளிகளைப் பராமரிக்கும் ஒருவரோடு இந்தத் தவணை முழுக்கக் கையால் கடிதம் எழுதிப் பழக வேண்டும், பிறகு அதை வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

நான் கை உயர்த்தி, என் அம்மாவும் ஒரு மாணவி, நாற்பத்தைந்து வயதில் ஒஸ்லோவில் தாதியர் படிப்பு இரண்டாம் வருடம் என்று சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உங்கள் வேலை பற்றி எழுதுங்கள். ஒருவருக்கும் சொல்லாத ஏதாவது இருந்தால் அதையும். எழுத்துப் பிழைகளுக்கு என் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள்தான் பொறுப்பு.

அன்பு மகள்,
ஹம்சத்வனி


வெஸ்ட்லி, ஒஸ்லோ
06.10.2024

என் செல்ல ஹம்சாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 'பராமரிக்கும்' என்ற சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறாய்.

மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரு பிழைகூட விடாமல் சித்தியடைந்துவிட்டேன். பதினேழு வருடம் பள்ளிக்கூடங்கள் கழுவியவள் இப்போது மில்லிகிராம் கணக்குப் பார்க்கிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இப்போது பிராக்சிஸ், லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினைந்து வாரப் பயிற்சி.

அங்கே சச்சிதானந்தன் ஐயா என்று ஒருவர் இருக்கிறார். மறதி நோயால், நாற்பது வருடம் பேசிய நோர்வேஜிய மொழி முழுக்க மறந்துபோய், தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றவர்கள் தொட்டால் அடிக்கிறார். நான் கதைத்தால் சாப்பிடுகிறார். அவருடைய மனைவி ராசமலர் அக்கா ஒவ்வொரு நாளும் வருவா. நான் நிற்கும் நாட்களில்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போவதாகச் சொல்லுவா.

மகள், இது உனக்கு மட்டும். கட்டுரைக்கு வேறு ஏதாவது எழுதித் தருகிறேன். போன செவ்வாய் அவரைக் குளிக்க வார்க்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயா, மழைக்கு முன்னம் வந்திடுவன் எண்டு சொன்னனான் எல்லே? பிள்ளை எங்கை?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முல்லைத்தீவில் அவருக்கு ஜெயா என்று ஒரு மனைவி, கைக்குழந்தை. நோர்வேக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர் கூப்பிடவில்லை. இங்கே ராசமலர் அக்காவைக் கட்டினார். அவவுக்கு இது தெரியாது.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் இதை நான் தனியே சுமக்க முடியவில்லை. அன்று அவர் அழுகையை நிறுத்த, "பிள்ளை நித்திரை" என்று நான் பொய் சொன்னேன். அது சரியா பிழையா என்று தெரியவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

என்றும் உன் நினைவோடு,
அம்மா


உத்ரெக்ட்
15.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சந்தோசமான செய்தி. வகுப்பில் எனக்குத்தான் ஆகக் கூடிய புள்ளி. பேராசிரியை என் ஆங்கிலக் கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிக்க இரண்டு பேர் அழுதார்கள்.

நீங்கள் கோபிக்கக் கூடாது. நீங்கள் பிறகு அனுப்பிய அந்தப் பரீட்சைக் கதையைத்தான் முதலில் எழுதினேன். அதில் உயிர் இல்லை. ஐயாவின் கதையில்தான் நீங்கள் இருந்தீர்கள், "பிள்ளை நித்திரை" என்று சொன்ன நீங்கள். பெயர்களை எடுத்துவிட்டேன். ஒஸ்லோவுக்குக் கிழக்கே தமிழ் மட்டும் மிஞ்சிய ஒரு முதியவர் என்றுதான் எழுதினேன். துறையின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். நானும் முகநூலில் பகிர்ந்தேன். நம்முடைய பிள்ளை என்று ஒஸ்லோத் தமிழர்கள் நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

போனில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. இன்னும் பார்க்கவில்லையா?

அன்பு மகள்,
ஹம்சத்வனி


வெஸ்ட்லி
19.01.2025

அன்புள்ள ஹம்சாவுக்கு,

பார்த்தேன். நத்தார் விடுமுறைக்கு நீ வந்து நின்ற பத்து நாளும் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்தது, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வராததால்தான். நீ போன அடுத்த நாளே எல்லாம் தொடங்கியது. அதை எழுதுகிறேன்.

ஒஸ்லோவுக்குக் கிழக்கே முதியோர் இல்லத்தில், தமிழ்த் தாதி மாணவியோடு, தமிழ் மட்டும் மிஞ்சிய முதியவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாய்? ராசமலர் அக்காவின் மகள் வினோஜா அதை வாசித்துத் தாய்க்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

பயிற்சியின் கடைசி வாரம். அக்கா என்னைப் படிக்கட்டடியில் மறித்தா. சத்தம் போடவில்லை. "தாதி எண்டு நம்பித்தானே அவரை உன்னட்டை விட்டிட்டுப் போனனான்," என்றா. அதற்குப் பிறகு அவ அங்கே வருவதே இல்லையாம்.

முறைப்பாடு போய், இரண்டு நாளில் கல்லூரியில் கூப்பிட்டார்கள். மகளுக்குச் சொன்னது நீங்களா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பிராக்சிஸ் தோல்வி. இலையுதிர் காலத்தில் இன்னொருமுறை செய்யலாமாம். அதுவரை அந்த இல்லத்துக்குள் நான் போகக் கூடாது.

அப்பாவோடு கதைக்கும்போது இதைப் பற்றிக் கேட்காதே. அவர் இப்போது கோயிலுக்கும் போவதில்லை.

அம்மா


உத்ரெக்ட்
27.01.2025

அம்மா,

நான் கட்டுரையை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் பகிர்ந்ததை எடுக்க முடியவில்லை. உங்கள் கல்லூரிக்கு, பிழை என்னுடையது என்று எழுதினேன். வினோஜாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை.

உனக்கு மட்டும் என்று நீங்கள் எழுதியதை நான் வாசித்தேன் அம்மா. வாசிக்காமல் செய்யவில்லை. உங்களை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல புள்ளிக்கும் ஆசைப்பட்டேன். இரண்டும் உண்மை.

தயவுசெய்து படிப்பை விடாதீர்கள். நான் வந்து ராசமலர் அன்ரியின் காலில் விழுகிறேன். போனில் அழாமல் கதைக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பதில் எழுதுங்கள்.

ஹம்சா


வெஸ்ட்லி
02.03.2025

ஹம்சாவுக்கு,

நீ வர வேண்டாம். அக்கா கதவு திறக்க மாட்டா.

சச்சிதானந்தன் ஐயா போன வியாழன் காலமாகிவிட்டார். அங்கே வேலை செய்யும் ஸ்ரனிஸ்லாஸ் என்ற போலந்துப் பெடியன் ஸ்டோவ்னர் கடைத்தெருவில் என்னைக் கண்டு சொன்னான். ராசமலர் அக்கா வருவதை நிறுத்தியபிறகு அவர் சாப்பிடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாராம். கடைசி ஏழு கிழமையும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஸ்ரனிஸ்லாஸ் அந்தச் சொற்களை எனக்குச் சொல்லிக் காட்டப் பார்த்தான். அவனுடைய வாயில் அவை பிடிபடவில்லை. எனக்கு விளங்கியது. அவரிடம் பிள்ளை நித்திரை என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

படிப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சொல்லியும் கேட்கவில்லை என்று நினைக்காதே. இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொன்னால், நான் காதைப் பொத்திக்கொள்வேன். அப்படிப்பட்டவள் தாதியாக இருக்க முடியாது. பழைய சுத்திகரிப்பு வேலையைத் திரும்பத் தந்திருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் வெறுமையாக இருக்கும். அது எனக்குப் போதும்.

பிழை உன்னுடையது மட்டும் இல்லை. கையெழுத்து வைத்தவள் நான். உன்னை நான் வெறுக்கவில்லை, பெற்ற பிள்ளையை எப்படி வெறுப்பது? ஆனால் உன்னிடம் எழுதும்போது என் கை நிற்கிறது. இந்தப் பக்கத்தையும் நாலு நாளாக எழுதுகிறேன்.

இனிக் கடிதம் வேண்டாம். ஞாயிறுகளில் போன் எடு. காலநிலை கதைப்போம். உன் பரீட்சைகளைப் பற்றிச் சொல்லு, கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்காதே.

அம்மா