அக்கா மூடிய மண்கிடங்கு

அக்கா,

நேற்றுக் காலை சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆபிரிக்காவில் வேலை செய்துவிட்டு மருமகன் திரும்பியிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மருமகனின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தெடுத்தார். மலேரியா இருக்கிறதா என்று பார்க்கவாம். மகள் சிரித்தாள். "அம்மா, எனக்கும் சின்னனிலை வந்ததெண்டு சொல்லுவியள், என்ன?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களைத்தான் நினைத்தேன்.

நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து அக்கராயனில் கொட்டில் போட்டபோது மகளுக்கு மூன்று வயது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த நீங்கள் அடுத்த காணியில் இருந்தீர்கள். சுவர் வைக்கவும் மண்கல் அரியவும் எல்லோரும் அவரவர் வளவிலேயே மண் வெட்டினோம். மாரி மழையில் அந்தக் குழிகள், கிடங்குகள், நிரம்பி நுளம்பு பெருகியது. சட்டி கழுவியதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் அவற்றில்தான். வீட்டுக்குள் நுளம்பு மருந்தடிக்க வந்தவர்களை, மணம் தாங்கேலாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். தந்த நுளம்பு வலையை, கோழி கிளறாமல் மிளகாய் நாற்றுக்கு மேல் கட்டினேன். ஒழுங்கை முழுக்க அப்படித்தான். காய்ச்சல் வராத குழந்தை ஒரு வீட்டிலும் இல்லை.

மகளுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் தந்த மலேரியாக் குளிசையின் கைப்பில் சத்தி எடுத்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசைகளைக் கூரையில் செருகிவிட்டேன். அடுத்த கிழமை ஒரு மத்தியானம், குசினியில் நின்ற எனக்கு ஏதோ சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாயில் கிடந்த பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. என் கத்தல் கேட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

"சைக்கிளிலை ஏறு தங்கச்சி. பிள்ளையை இறுக்கிப் பிடி."

ஆஸ்பத்திரிவரை சேற்றில் மிதித்தீர்கள். அங்கே தாதி, "குளிசை முழுக்கக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் அப்பால் போனதும் நீங்கள் மெல்லக் கேட்டீர்கள்:

"கைக்குதெண்டு பிள்ளை துப்பினவளோ?"

நான் அழத் தொடங்கினேன்.

"அழாதை. நானும் ஒருக்கா இப்பிடி நிப்பாட்டினனான். போய் உண்மையைச் சொல்லு. அப்பதான் அவையள் சரியான மருந்து குடுப்பினம்."

போய்ச் சொன்னேன். நீங்கள் ஒருநாளும் குளிசையை நிறுத்தியதில்லை என்பதையும், கடைசிக் குளிசை இறங்கும்வரை வாயைத் திறக்க வைத்துப் பார்ப்பீர்கள் என்பதையும், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உங்கள் மகன் சொல்லித்தான் அறிந்தேன். வெட்கத்தில் நான் தனித்து நிற்கக்கூடாது என்று அன்று பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

நான்காம் நாள் மகள் கஞ்சி கேட்டாள். நாங்கள் வீடு திரும்பிய அன்று, கல்வீடு கட்டவென்று நீங்கள் வெட்டிய கிடங்கை நீங்களே மூடிக்கொண்டிருந்தீர்கள். ஒழுங்கையில் அதுதான் பெரிய கிடங்கு. கல் அரியும் வேலை பாதியில் நின்றது.

"அப்ப வீடு, அக்கா?"

"வீடு ஆறுதலாய்க் கட்டலாம்."

முன்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நாங்களும் மூடினா மாட்டுக்குத் தண்ணிக்கு எங்கை போறது?"

"என்ரை கிணத்திலை அள்ளுங்கோ. கேட்டுக் கொண்டு நிக்க வேண்டாம்."

அந்த ஒழுங்கையில் கிணறு உங்களிடம் மட்டும்தான் இருந்தது. கிடங்கை மூடச் சொல்லி வந்தவர்கள் எவரும் அதுவரை சொல்லாத பதில் அது. ஒவ்வொரு வீடாக மண்வெட்டி எடுத்தது. நான் வலையை நாற்றிலிருந்து அவிழ்த்துக் கழுவினேன். அடுத்த மாரியிலும் காய்ச்சல் வந்தது. ஆனால் இரண்டு வீட்டில் மட்டும். மருந்தடிக்க வந்தவர்களை அந்த முறை உள்ளே கூப்பிட்டேன்.

போன மாசியில் உங்களை அடக்கம் செய்தபோது என் மகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உங்களுக்கு நன்றி என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, அக்கா. இப்போது சொல்கிறேன்.

போன கிழமை பக்கத்து வீட்டு இளம் தாய், மகனுக்குத் தந்த பாணி மருந்தைப் பாதியில் விட்டதை என்னிடம் மறைத்தாள். ஏசத்தான் வாய் வந்தது. ஏசாமல் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, "நானும் ஒருக்கா இப்பிடி நிப்பாட்டினனான்" என்றேன். அவளே சொல்லத் தொடங்கினாள்.