கிழக்கில் வாங்கிய உருளைக்கிழங்கு

நொய்க்கோல்ன், பெர்லின்
28 நவம்பர் 1948

அன்பு மகன் எபர்ஹார்டுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே இருமல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே ஹாம்பர்க்கில் நீயும் உன் இர்மேலாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நான்கு நாளாக என் பேச்சைக் கேட்பதில்லை, பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ரஷ்யர் பகுதி எல்லைக் காட்டு வழியாக நடந்து வந்து இர்மேலாவைக் காட்டுவதாக எழுதியிருந்தாயே, வராதே. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

ஜூனில் ரஷ்யர்கள் நம் மேற்கு பெர்லினுக்கு வரும் ரயிலையும் சாலையையும் அடைத்ததிலிருந்து எங்கள் சோறும் கரியும் ஆகாயத்தில்தான் வருகின்றன, அது உனக்குத் தெரியும். மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் எந்த நேரம் என்று தெரியாது. விமானங்கள் நம் கூரையை உரசிக்கொண்டுதான் இறங்குகின்றன. இந்த மாதம் பனி மூட்டிக்கொண்டு பாதி நாள் ஒன்றும் வரவில்லை, அந்த அமைதியில் எனக்குக் கைகால் ஓடாது. மூன்று வருஷத்துக்கு முன் இதே தெருமுனையில் ரஷ்யச் சிப்பாயும் அமெரிக்கச் சிப்பாயும் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன், இவன் கைக்கடிகாரத்தை அவன் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்தான். பிறகு யார் எந்தத் தெருவைப் பார்ப்பது என்று முணுமுணுப்பு, போலந்தில் யார் ஆள்வது என்று சண்டை, நம் ஊரை ஆண்ட நான்கு நாட்டுத் தளபதிகளின் மேஜையிலிருந்து ரஷ்யர் எழுந்து போனார், மேற்கே புதுப் பணம் அடித்தார்கள், மறு வாரம் நம் விளக்கு அணைந்தது. கீழ்வீட்டுப் பேகல் இதற்கெல்லாம் ஒரே காரணம் சொல்கிறார். ‘எல்லாம் அந்த அணுகுண்டுதாங்க மார்க்வார்ட் அம்மா. ஒருத்தன்கிட்ட இருக்கு, இன்னொருத்தன்கிட்ட இல்ல. இல்லாதவனுக்குத் தூக்கம் வருமா, இருக்கறவனாவது தூங்குவானா?’ என்றார். எனக்கு அரசியல் புரியாது. ஆனால் அந்தக் குண்டுக்கு யுரேனியக் கல் தோண்டத்தான் ரஷ்யர்கள் உன்னைக் கெம்னிட்ஸில் சித்தி வீட்டிலிருந்து இழுத்துப்போய் மலைச் சுரங்கத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தார்கள் என்பது புரியும். நீ தப்பி ஓடிவந்த அன்று உன் காலுறையைக் கழற்றியது நான்தான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இங்கே கிடைப்பது உருளைக்கிழங்குத் தூள், எத்தனை கொதிக்க வைத்தாலும் பசை வாசனை. எல்லையைத் தாண்டி ரஷ்யர் பகுதியான ட்ரெப்டோவில் பெயர் பதிந்தால் மேற்கு ஆட்களுக்கும் முழு உருளைக்கிழங்கும் கரியும் தருகிறார்கள் என்று ரேடியோவில் தினமும் ஆசை காட்டினார்கள். நம் கட்டடத்தில் யாரும் போகவில்லை, போனவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் அக்டோபரில் யாருக்கும் சொல்லாமல் போனேன், எபர்ஹார்ட். குளிர் தாங்கவில்லை. சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவிதமாகப் பேசினாள், ஒரு படிவத்தை நீட்டினாள். எந்த ஆட்சி வந்தாலும் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடத் தெரியாத கூட்டம் நாம். ‘வேறு ஊரில் வசிக்கும் பிள்ளைகள்: பெயர், பிறந்த தேதி, முகவரி’ என்று இருந்தது. கோடு தாண்டாமல், மை சிந்தாமல், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல உன் பெயரையும் ஹாம்பர்க் முகவரியையும் எழுதினேன். போதாக்குறைக்கு அந்தப் பெண்ணிடம், ‘பண்டிகைக்கு வர்றான், கட்டிக்கப்போற பொண்ணையும் கூட்டிட்டு வர்றான்’ என்று பெருமை வேறு அடித்தேன். ‘கொடுத்து வெச்சவங்க நீங்க’ என்றாள். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். கால்மிதியில் காலணியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள், ஒருவர் பேச்சில் சாக்ஸனி வாடை, உன் சுரங்கம் இருக்கும் பக்கத்துப் பேச்சு. ‘உங்க பையன் வேலைய பாதியில விட்டுட்டுப் போயிட்டாரும்மா. ஒண்ணும் செய்யமாட்டோம், ரெண்டு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு வர்றாராமே?’ என்றார். உன் கடிதம் அப்போது காப்பி டப்பாவில் சாய்ந்து நின்றது. நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, ‘அவனா? பொண்ணு கெடச்சதும் பெத்தவள மறந்துட்டான். கடுதாசிகூடப் போடறதில்ல’ என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார். போகும்போது ஒரு பை உருளைக்கிழங்கை வாசலில் வைத்து, ‘பண்டிகைக்கு வெச்சுக்கங்க, எங்களுக்கு அவசரமில்ல’ என்றார். பேகலிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. இந்தப் பகுதியிலேயே பட்டப்பகலில் ஒருவரைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு கிழக்கே போய்விட்டார்களாம், அதைச் சொல்லி வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுத் தந்தார். அந்தப் பையைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். எறியவில்லை, மூன்று கிழங்கை வேகவைத்துத் தின்றேன், அதற்காக என்னையே வெறுக்கிறேன். ட்ரெப்டோவில் பெயரை எடுத்துவிட்டேன், எழுதிய படிவத்தை மட்டும் கேட்டும் தரவில்லை.

மேல்மாடி ரோஸ்விட்டா மருத்துவத்துக்காக உங்கள் ஊருக்கு விமானத்தில் போகிறாள், இதை அவள் தொப்பிக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். அவளுக்கு ஒரு நல்ல காப்பி வாங்கிக் கொடு. வீட்டை மாற்று, புது முகவரியை எனக்கு எழுதாதே, என் கையை நானே நம்பவில்லை. துறைமுகத்தில் ஈரக் காலணியோடு நிற்காதே, உன் நெஞ்சுச் சளி இன்னும் போயிருக்காது. இர்மேலாவிடம் என்மேல் வருத்தப்படவேண்டாம் என்று சொல். அவளை நான் பார்க்காமலே மருமகளாக ஏற்றுக்கொண்டேன், வசந்தத்தில் திருமணத்தை முடித்துக்கொள்ளுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், நிறையப் பிள்ளைகளோடு நெடுநாள் வாழுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. ஒருநாள் உனக்குத் தந்தி வரும், அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே வா என்று. அனுப்புவது அவர்களாக இருக்கும், வராதே. நிஜமாகவே நான் சாகக் கிடந்தாலும் அதே வார்த்தைதான் இருக்கும், அப்போதும் வராதே. என்னை அடக்கம் செய்யப் பேகலிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

உன்னை முத்தமிடும் அம்மா,
ஓட்டிலியே மார்க்வார்ட்