கணக்கு ஏறாத பிள்ளை

அப்பா,

சாப்பாட்டு மேசை முழுக்க இன்று பசை மணம். உங்கள் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ப்ராஜெக்ட் செய்கிறாள். அட்டையைக் கோணலாக வெட்டி, கோணலாகவே ஒட்டுகிறாள். வேலையால் வந்த களைப்பில் நான் எதிரே சும்மா இருக்கிறேன். கையை நீட்டி நிமிர்த்திவிட்டால் இரண்டு நிமிட வேலை. நீட்டவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் கத்தரிக்கோல் உங்கள் கைக்குப் போயிருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டுக்கு வந்த புதிது, பாபகூரா என்ற புறநகரில் வாடகை வீடு. நான் ஆரம்பப் பள்ளி முடித்து, உயர்நிலைப் பள்ளிக்கு முந்திய இன்டர்மீடியட் பள்ளியில் முதலாம் வருடம். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து அங்கே ஒரு தனி வகுப்பு நடத்தினார்கள். அதில் என்னையும் சேர்க்கலாமா என்று கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் கணக்குப் படிப்பித்த நீங்கள் அப்போது ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தை நின்றபடி ஒருமுறை வாசித்தீர்கள், பிறகு இருந்து ஒருமுறை வாசித்தீர்கள். அந்த மாதத் தமிழர் ஒன்றுகூடலில் உங்களிடம் அதைக் கேளாமல் தப்பியவர் ஒருவரும் இல்லை. கண்படப் போகுது என்று அம்மா உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தும் நீங்கள் நிறுத்தவில்லை.

அந்த வகுப்பில் எல்லாமே ப்ராஜெக்ட்தான். முதலாவது, வீட்டில் ஒரு வாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பது. நான் வாளியும் கோப்பையுமாக அம்மாவின் பின்னால் திரிந்தேன். கிணற்றில் அள்ளி வளர்ந்த அம்மா, சமைக்கும்போது குசினிக் குழாயை நூலளவுக்குத்தான் திறப்பார். அதைக் கோப்பையில் பிடித்து, அளந்து, ஒரு தாளில் எழுதி வந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் கண்டுவிட்டீர்கள்.

"வாளியாலை அளந்து என்னத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கிறது? கணக்கிருக்கெல்லே."

என் தாளை ஒரு பக்கம் வைத்தீர்கள். குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நிமிடத்துக்கு இத்தனை லீற்றர், நாளுக்கு இத்தனை நிமிடம், பெருக்கு. அச்சடித்த மாதிரி மூன்று பக்கம் எழுதி, என்னைக் கொண்டு அப்படியே பார்த்து எழுதுவித்தீர்கள். பிள்ளையின் கொப்பியில் பிழை இருந்தால் அது பெற்றவருக்கு வெட்கம் என்பது நம் ஆட்களின் எண்ணம். களவு செய்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை, கடமை செய்கிறீர்கள். தொழிற்சாலையால் வீடு திரும்புகிற முகம் அன்று உங்களிடம் இல்லை. பழைய மாஸ்டரின் முகம் வந்திருந்தது. அதைக் கண்டதால்தான் நான் வாய் திறக்கவில்லை.

விடை பிழை, அப்பா. உண்மையைவிட மூன்று மடங்கு. நீங்கள் ஒருநாளும் குசினியில் நின்றதில்லை, அம்மா குழாய் திறக்கும் விதம் உங்களுக்குத் தெரியாது. ஆசிரியை என்னை முன்னுக்குக் கூப்பிட்டு, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது, விளக்கிச் சொல் என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு விளக்கத் தெரியும். எந்த இடத்தில் பிழைத்தது என்றும் தெரியும். சொல்லத் தொடங்கினால் அது யாருடைய கணக்கு என்பதும் வெளியே வந்துவிடும். பெட்டி மடிக்கிற மனிதரிடம் மிச்சமாயிருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து இருந்தேன்.

அடுத்த ப்ராஜெக்டும் நீங்கள்தான். அதற்கடுத்ததும் நீங்கள்தான். ஒவ்வொரு முறையும் முன்னுக்குப் போய் நின்று தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. பதினொரு வயதில் ஒரு பிள்ளை அப்படிக் களைக்கக் கூடாது. இரண்டாம் தவணை முடிவில் மற்றக் கடிதம் வந்தது. பிள்ளைக்கு இந்த வகுப்பு பாரமாயிருக்கிறது, விரும்பினால் சாதாரண வகுப்புக்கு மாறலாம் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்குக் கணக்கு ஏறுதில்லை, அப்பா" என்றேன்.

கத்துவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"பரவாயில்லைப் பிள்ளை. எல்லாருக்கும் எல்லாம் வராது."

கையெழுத்து வைத்துத் தந்தீர்கள். கத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு, சீனி வருத்தக்காரருக்கு முன்னால் இனிப்பை ஒளிக்கிற மாதிரி, என் முன்னால் கணக்குப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. நகரத்துக்கு ரயிலேறிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து முடித்தேன். இப்போது எல்லாம் கொம்பியூட்டர் செய்யுதுதானே என்று சந்தோசப்பட்டீர்கள். பிளாட் புஷ் என்ற பகுதியில் நான் வீடு வாங்கியபோது யன்னல் சீலைக்கு எத்தனை மீற்றர் தேவை என்று சொன்னேன். நீங்கள் சத்தமில்லாமல் அளவு நாடாவை எடுத்துப் போய்த் திரும்ப அளந்தீர்கள். எனக்கு நல்ல கோபம் வந்தது. கட்டிடம் நிற்குமா விழுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறவளுக்கு யன்னல் சீலை தெரியாதா? ஆனாலும் அளந்து முடியும்வரை நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மருந்து கொண்டுவந்த நர்சிடம் என்னைக் காட்டி, மகள் இன்ஜினியர், சின்ன வயதில் கணக்கே ஏறாது, பாவம், கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவள் என்றீர்கள். அவ்வளவு பெருமை உங்கள் குரலில். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன்.

உங்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ஒரு பிழையைத் தாங்க மாட்டீர்கள் என்று, உங்களைக் கேளாமலே உங்களைப் பற்றி முடிவு கட்டியவள் நான். சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பீர்கள். குசினிக்குள் வந்து குழாயைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிக்காரி என்று ஊரில் எத்தனையோ பேரிடம் பெயர் வாங்கிவிட்டேன். உங்களிடம் மட்டும் வாங்கவில்லை. அந்தக் களைப்பு எந்த நித்திரையிலும் தீர்கிறதில்லை.

எனக்குக் கணக்கு வரும், அப்பா. உங்களிடமிருந்துதான் வந்தது.