வரியைக் குறைக்க எழுதிய கடிதம்

1938 ஓகஸ்ட் 9, வெள்ளவத்தை

ஓம், அது என் கையெழுத்துத்தான். வீட்டு வரியைக் குறைக்கச் சொல்லி அப்பாவின் பேரில் முன்பு நான் எழுதியது. "உப்புக் காற்றில் சுவர் உதிர்கிறது. றெயில் போனால் வீடே நடுங்குகிறது."

இப்போது ரோட்டை அகலிக்க அரசாங்கம் வீட்டை எடுக்கிறது. தரும் விலைக்கு இங்கே ஓர் அறைகூட வாங்க முடியாதென்று அப்பா வழக்குப் போட்டார். அரசாங்கத்துக்காக வாதாடும் அப்புக்காத்து இன்று அந்தக் கடிதத்தை வாசித்தார். கோர்ட்டே சிரித்தது.

பஸ்ஸில் அப்பா சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கிறாய், பிள்ளை. கேட்க எனக்கே வீடு வேண்டாமெண்டு போச்சு."

வழக்கின் அடுத்த தவணை நாளில் நான்தான் சாட்சி.

"வரிக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதினனான் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

நான் எதையும் கூட்டி எழுதவில்லை.

"சரியப்பா" என்றேன். பிறகு இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.